திருத்தம்: ஏழு அல்ல, ஆறு

மாலை வணக்கம். சாரெமா தீவு.
வெளியே மைனஸ் பதினொன்று.
ஹீட்டரின் முனகல் மைக்கில் விழும் என்று
அணைத்துவிட்டு
கோட்டோடு உட்கார்ந்து வாசிக்கிறேன்.

இந்த வாரக் கச்சேரிகள்.

வெள்ளி. பண்பாட்டு மன்றத்தில் நால்வர் குழு.
தாலினிலிருந்து வருகிறார்கள்,
பனிக்கட்டி விலகி, படகு ஓடினால்.
பேருந்தில் செல்லோவுக்கும் ஒரு சீட்டு எடுத்திருக்கிறார்களாம்.
படகு ஓடாவிட்டால்
அதே மேடையில் பள்ளி மாணவி லீலோ பியானோ வாசிப்பாள்.
படகு ஓடக்கூடாதென்று அவள் வேண்டிக்கொண்டிருப்பதாக
தம்பிக்காரன் போன் செய்து போட்டுக்கொடுத்தான்.

சனி. மீன்கிடங்கில் ஆண்கள் சேர்ந்திசை.
கீழ்க்குரலுக்கு இருவர் தேவை.
சுருதி தெரிந்தால் நல்லது.
வண்டி இருந்தால் மிக நல்லது.

ஞாயிறு காலை, கல் தேவாலயத்து ஆர்கன்.
குளிரில் இரண்டு குழாய்கள் ஊமையாகிவிட்டன.
பள்ளம் தெரிந்த சாலையில் போவதுபோல
அவற்றை ஒதுக்கி ஓட்டிவிடுவேன் என்கிறார் ஊர்மாஸ்.

இனி, ஒரு திருத்தம்.

சென்ற வியாழன், இதே நாற்காலியிலிருந்து,
ரான்னா தேவாலயத்துப் பாடகர் குழு
ஏழு மணிக்கு என்றேன்.
ஆறு மணிக்கு.
தாளில் ஆறுதான் இருந்தது.
கண் ஆறைப் பார்த்தது, வாய் ஏழைச் சொன்னது.
காற்றில் விட்ட சொல்லை
எட்டிப் பிடிக்க ஏணி கிடையாது.

அநேகருக்கு நஷ்டமில்லை.
இங்கே எல்லாருக்கும்
அத்தை மகளோ மச்சானோ யாராவது பாடுகிறார்கள்,
நேரம் வீட்டிலேயே தெரிந்துவிடும்.
வானொலியை நம்பி வந்தவர் ஒருவர்தான்.

எண்டெல். பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர்.
அன்று நண்பகல்வரை
அந்தத் தேவாலயச் சாலையைத் திறந்துவிட்டதும் அவரே.
அவர் தள்ளிய பனிக்கு நடுவேதான்
தொண்ணூறு பேர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.
அவர் குளித்து, சவரம் செய்து,
நாற்பது கிலோமீட்டர் திரும்பி வந்தார்,
ஏழுக்குப் பத்து நிமிடம் முன்னதாக.

ஹில்லே, இரண்டாம் வரிசை, ஆல்ட்டோ.
அவருக்கு இவர் என்ன வேண்டும் என்பது
வானொலியின் வேலை இல்லை.

அந்தக் கச்சேரியை ஞாயிறு இரவு ஒலிபரப்புகிறோம்.
கடைசிப் பாட்டு, கைதட்டல்,
நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓசை.
இயந்திரத்தை நிறுத்த மறந்து
ராய்வோ புகைக்கப் போயிருந்தார்.
ஆகவே கதவு கேட்கும்.
கல்தரையில் பூட்ஸ், எட்டு அடி.
ஆழமான ஒரு குரல்:
முடிந்ததா?

தேநீர்க் கரண்டிகள் நிற்கின்றன.

பிறகு ஆல்ட்டோ மட்டும்.
மெட்டு இல்லாமல், வார்த்தை முழுதும் இல்லாமல்,
சுவரும் கூரையும் வருமுன்
நடுவில் நிற்கும் ஒற்றை உத்தரம்போல.
மூன்றாம் வரியில் யாரோ ஒருவர்
வாயில் ரொட்டியோடு சேர்கிறார்.
மேல்குரல் கடைசிவரை வரவே இல்லை;
அவர்கள் காருக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.
வெட்டிவிடலாம் என்றார் ராய்வோ,
அடுத்து கடல் வானிலை இருக்கிறதே.
வானிலை காத்திருக்கட்டும் என்றேன்,
காற்று எங்கே போய்விடப் போகிறது.

மீனவர்கள் மன்னிக்கவும்.

ஞாயிறு இரவு எட்டரை.
எட்டரை.
இம்முறை எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டு வாசிக்கிறேன்.

இன்னொன்று. சனிக்கிழமைக் குழுவினர்
அந்த ஒற்றைச் சொல்லை
மூன்று முறை போட்டுக் கேட்டார்கள்.
பாடுவாரா தெரியாது.
வண்டி இருக்கிறது.