மூன்றாவது கோடு

சட்டம் சொல்கிறது:
களஞ்சியத்தில் எலிவளை இரண்டு வரை
காவலனுக்கு வசவு.
மூன்றானால் ஒரு கேடயம் தண்டம்.
சுண்டெலி வளை மூன்று
எலிவளை ஒன்றுக்குச் சமம்.
இதை எழுதியவர் யாரோ
ஓர் இரவாவது எலிகளோடு படுத்திருக்க வேண்டும்.

ஹான் ஆற்றின் தென்கரையில், ஏழாம் களஞ்சியத்தில்
குப்புறப் படுத்து எண்ணினேன் நான்,
மாவட்ட எழுத்தன் ஷூ யான்.
வாயில் தூரிகை,
இடுப்பில் பிழை சுரண்டும் கத்தி.

ஒன்று தூணடியில். முஷ்டி நுழைந்தது.
இரண்டு தவிட்டுக் குவியலுக்குப் பின்னால்.
மூன்றாவதில் விரல்கள் போயின, மணிக்கட்டு போகவில்லை.
இது எலியா, சுண்டெலியா?
ஆறு நாடுகளின் படியையும் முழத்தையும்
வண்டி அச்சையும் ஒன்றாக்கிய பேரரசு
வளையின் வாயை மட்டும்
என் விரலிடம் விட்டுவிட்டது.

மூங்கில் பட்டையில் எழுதினேன்.
எங்கள் எழுத்தில் மூன்று என்பது
ஒன்றன் கீழ் ஒன்றாய்ப் படுத்த மூன்று கோடு.
நெடுக ஒன்றை இறக்கினால் அரசன்.
ஒன்றைச் சுரண்டினால் இரண்டு.

காவலன் துவான் கௌ எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், எளிது.
ஒரு கேடயத்தின் விலை அவன் மாடு,
மாடு போனால் உழவு போகும் என்று
நான்தான் கணக்குப் போட்டேன்.

லூ நாட்டிலிருந்து வந்து எங்களோடு எழுதியவன்
சாராயம் உள்ளே போனால் சொல்வான்:
பசித்தவனைப் பார்த்த பிறகும்
தலைதட்டி அளக்கிறவன்
அதிகாரியல்ல, படி.
வண்டி மசகுக் கணக்கில் ஒரு கரண்டி தவறி
அவனை எல்லைச் சுவருக்கு மண் இடிக்க அனுப்பிவிட்டார்கள்.

சுரண்டினேன்.
சீவல் நகம்போல் சுருண்டு விழுந்தது.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.
காலையில் அதுதான் பயமாக இருந்தது.

குளிர் முற்றியபோது ஓலை வந்தது:
சுவருக்குப் போன தினையில் நாற்பது படி குறை.
எவனோ ஒருவன்
அரை வயிற்றோடு மண் இடித்திருக்கிறான்.
மூன்றாம் வளை வழியே போனது அவன் கஞ்சி.
அவன் லூ நாட்டானாகவும் இருக்கலாம்.

என் இரக்கத்துக்கு ஒரு முகம் இருந்தது,
துவான் கௌவின் முகம், தாடியில் உமியோடு.
சுவரடியில் இருந்தவனுக்கு
என்னிடம் முகமே இல்லை.
சட்டத்திடமும் இல்லைதான்.
ஆனாலும் அது
அவனுக்கும் சேர்த்து வளைகளை எண்ணச் சொல்லியிருந்தது.

வசந்தத்தில் மறுபடி குப்புறப் படுத்தேன்.
மூன்றாவது வளை இப்போது
முழங்கை வரை விழுங்கியது.
விரலில் தட்டியதை மெல்ல இழுத்தேன்:
உமி, மாட்டு மயிர், மூங்கில் சீவல்கள்.
ஒரு சீவலில் இன்னும் மை இருந்தது,
அதன்மேல் கண் திறக்காத ஒரு குட்டி, வெதுவெதுப்பாக.

வெளியே துவான் கௌ மாட்டை அதட்டிக்கொண்டிருந்தான்.
தூரிகையை எச்சிலில் நனைத்தேன்.