ஏழு கேள்விக்குறிகள்

மாங்குளம் பால் சேகரிப்பு நிலையம்.
இரவு பதினொன்றே முக்கால்.
பன்னிரண்டு அடித்தால்தான் இரவு டேட்டா திறக்கும்.
அதுவரை நானும் ரவுட்டரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மூட்டை கட்டிய தொண்டு நிறுவனம்
விட்டுப் போன பெட்டி இது.
சின்னத்தைச் சுரண்டிப் பார்த்தேன், பாதிதான் கழன்றது:
ஒரு கை மிச்சம், அதில் அரைக் கதிர்.
கம்பனிக்காரனின் மென்பொருளைப் போன கிழமையே துடைத்துவிட்டு
ஆரோ ஒருவன் எங்கேயோ இருந்து கட்டித் தந்ததைப் போட்டேன்.
ஓடுகிறது. நல்லாய்த்தான் ஓடுகிறது.
பிரிண்டரை மட்டும் ஆரென்று தெரியாதாம்.

தெரியவைக்க ஒரு பக்கேஜ் வேண்டும்.
அந்தப் பக்கேஜ் இன்னொன்றைக் கேட்டது.
அது மற்றொன்றை.
காணிப் பெர்மிட்டுக்கு அலைந்த வருசம் ஞாபகம் வந்தது:
விதானையார் கடிதம் கொண்டுவா என்றது பிரதேச செயலகம்,
செயலகம் சொல்லட்டும் என்றார் விதானையார்.
இது பரவாயில்லை.
கேள்வி கேட்ட கையோடு
மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பிப் போகாது.

கடைசியாய்க் கேட்டது கேர்னலை.
இருக்கிறது என்றேன்.
இருக்கிறதுதான், ஆனால் அது இது இல்லை என்றது.
ஒரே பெயர், ஒரே இலக்கம்,
பின்னால் தொங்கும் முப்பத்திரண்டு எழுத்து வால்மட்டும் வேறு.
வேறு ஆள் கட்டியது. அவ்வளவுதான் குற்றம்.

வவுனியாவில் கடை வைத்திருக்கும் தர்மிலனுக்கு அடித்தேன்.
நித்திரைக் குரலில்
"பலவந்தமாய் ஏத்திப்போடாதை அக்கா" என்றான்.

ஏத்தினேன்.

விளக்கு வலிப்பு வந்ததுபோல அடித்தது.
எழும்பும், விழும்,
தன் பெயரைச் சொல்ல முன்னமே விழும்.
வெளியில் மார்கழி மழை. கழுவிக் கவிழ்த்த கான்களின் முதுகில்
அதுவும் அடித்துக்கொண்டிருந்தது.
ஏ-நைனில் யாழ்ப்பாணம் போகும் பஸ்
தகரத்தை அதிரவைத்துப் போன பிறகு
சாரிப் பின்னைக் கழற்றினேன்.

எழும்பும்போது ஒரு கணம் விளக்கு வேகமாய்த் துடிக்கும்.
அதற்குள் பின்பக்க ஓட்டையில் குத்தவேண்டும்.
முந்தினால் இல்லை, பிந்தினால் இல்லை.
பதினாறாம் தரம் பிடித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் துடைத்தேன், திரும்ப.
இந்தமுறை கேர்னலும் பக்கேஜும்
ஒரே இடத்தில் ஒரே நாளில் கட்டியதாய்ப் பார்த்து.
கூடப்பிறந்தவை என்று எழுத வந்தேன்.
இல்லை, ஒரே சூளைக் கல். அதுதான் சரி.

இடம் போதாது என்றது.
மொத்தமே நாலு எம்.பி.
பவளராணி அக்கா தன் கன்றுக்குட்டியைப் பிடித்தனுப்பிய படம்
அதைவிடப் பெரிசு.
எதைக் கழிப்பது?
அச்சில் வார்த்ததைப் பிறகு செதுக்கினாலும்
இடம் திரும்பி வராது.
மெனுவே இல்லாத ஒரு கட்டைத் தேடியெடுத்து
மூன்றாம் தரம் போட்டேன்.
பொத்தான் இல்லை, நிறம் இல்லை, முகமே இல்லை.
இனிக் கறுப்புத் திரையில் எழுதத் தெரிந்த ஆள்தான்
அதோடு கதைக்கலாம்.
மாங்குளத்தில் அது நான்.
கொஞ்சம் சந்தோசப்பட்டேன், மறைப்பானேன்.

நாலு ஐம்பதுக்கு ஒவ்வொன்றாய் இறங்கின,
ஒருவரும் ஒருவரிடமும் கடிதம் கேட்காமல்.

ஐந்தரைக்குச் சைக்கிள் மணி.
பவளராணி அக்கா. இரண்டு கான், தலையில் சொப்பிங் பை.
இயந்திரம் கொழுப்புப் பார்த்தது.
பிரிண்டர் செருமியது. துண்டு வந்தது:

??????? 4.2

"இது ஆற்றை பேர் பிள்ளை?"

"உங்கடைதான். தமிழுக்கு
இன்னுமொரு பக்கேஜ் தேடவேணும்."

பேனையை வாங்கினா.
துண்டைக் கான் மூடியில் வைத்து
கேள்விக்குறிகளின் தலைக்குமேல் தன் பெயரை எழுதினா,
ளவை மட்டும் பெரிசாய்.

அவவுக்குப் பின்னால்
திருநாவுக்கரசு அண்ணை நின்றார்.
அவருக்கு ஒரு வரி காணாது.