போஞ்சி, பொதி இலக்கம் 0417

கொள்ளுப்பிட்டியில் ஏழாம் மாடி.
கண்ணாடிக்கு அப்பால் கடல்,
நாங்கள் வரைந்த கோட்டில் ஒரு நெளிவும் இல்லை:
கெப்பெட்டிப்பொலவில் ஒரு பச்சைப் புள்ளி,
பேலியகொடவில் ஒன்று,
வெள்ளவத்தையில் ஒன்று.
தொட்டால் தோட்டத்தின் பெயர் விரியும்,
பறித்த திகதி, தெளித்த மருந்து,
லொறி குடித்த டீசல்.

பரிசோதிக்கவென்று
அதிகாலை மூன்றரைக்குப் பேலியகொட போனேன்.
உபாலி மூன்று தோட்டத்துச் சாக்குகளை
ஒரே குவியலாய்க் கொட்டினார்.
இதில் எது யாருடையது என்றேன்.
என் டெப்லட்டைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார்.
"தெரியாது மிஸ்" என்று தமிழில் சொல்லிவிட்டு
அதையே சிங்களத்திலும் சொன்னார்,
ஒரு மொழியில் எழுதினால் போதாது என்பதுபோல.

படிவத்தில் அதற்கு இடமில்லை.
சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்;
வெறுமையாய் விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

"மூன்றில் ஒன்றைப் போடுங்களேன்,
யார் பார்க்கப் போகினம்?" என்றான் பிரியலக்ஷன்.
பார்ப்பதற்குத்தானே செய்கிறோம் என்றேன்.
ஒரு கிழமை சண்டை.
இப்போது அந்த இடத்தில் கோடு மூன்றாய்ப் பிரிந்து
சாம்பல் நிறத்தில் கிடக்கிறது.
அழகில்லை.

வெள்ளவத்தைச் சந்தையில் ரிஸ்மியா
கால் கிலோவை ஒரு கையில் பிடித்தபடி
மறுகையால் குறியீட்டை ஸ்கேன் செய்தார்.
சாம்பலில் கொஞ்சம் நின்றார், தலையசைத்தார்.
பிறகு கேட்டார்:
"ஊட்டுல ஏற்கெனவே ஈக்கிற போஞ்சிய
இது சொல்லுமா?"
சிரித்தேன். குறிப்பில் எழுதவில்லை.

இரவு, பிரிஜ்ஜின் அடித்தட்டில்
போன கிழமை நானே வாங்கிய பை.
உள்ளே வியர்த்து, நுனி கறுத்து,
தொட்டால் விரலில் ஒட்டியது.
குறியீடு மட்டும் வாங்கிய அன்றுபோல.
கெப்பெட்டிப்பொல, பேலியகொட, வெள்ளவத்தை,
அதற்குப் பிறகு என் பெயர்,
பக்கத்தில் இலை வடிவில் ஒரு சரிக்குறி,
நான் வரைந்ததுதான்:
பயணம் நிறைவு.

மடிக்கணினியைத் திறந்து இலையை அழித்தேன்.
கோட்டை என் வாசலுக்குள் இழுத்து
ஒரு கேள்வி வைத்தேன், நாலாம் நாள் கேட்கும்:
சமைத்தீர்களா?

முதலில் என்னையே கேட்டது.
இல்லை என்று அழுத்தினேன்.

பையைக் கட்டிப் படியில் வைத்தாயிற்று.
விடிய மாநகரசபை லொறி வரும்.
அது எங்கே கொண்டுபோகிறது என்பதற்கு
இன்னும் கட்டம் போடவில்லை.