குறைந்த பத்து

மூன்றாம் வாரம்.
குளியல் தொட்டியில் பாத்திரம் கழுவுகிறேன்,
முட்டி போட்டு, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல்.
கெட்டில் சலவை இயந்திரத்தின் மேல்;
அது சுழலும்போது தேநீருக்கும் நடுக்கம்.
வெளியே க்தீனியாவின் பனி.
டைல் போடும் ஸ்லாவெக்
நாளை வருவதாகத் தினமும் சொல்கிறான்.

இன்று பழைய அலமாரியைப் பெயர்த்தோம்.
பின்சுவரில் எவனோ எழுதிய பென்சில் கணக்கு:
14 × 9 = 116
வித்தோல்ட் வாய்க்குள் இருமுறை பெருக்கினான்.
பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பினோம்.
ஃப்ரிட்ஜ் நின்ற மூலை.
முப்பது வருடம் விருந்தாளிகளுக்கு மறைத்த
மொட்டைச் சுவர்.
எண்ணிப் பார்த்தால்
சரியாகப் பத்து டைலுக்கு இடம்.

சிரித்துச் சிரித்து
சிமெண்ட் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.
அவன் பென்சில் தேடிவந்து
நடுவிலிருந்த ஒன்றை இரண்டாக்கினான்.

நாளை மூடிவிடுவான் ஸ்லாவெக்,
வந்தால்.