நல்லதண்ணிக் கிணறு

பாறைச் சில்லைப் பெயர்த்ததும்
நாக்கில் வைத்துப் பார்த்தாள் மண்ணியல் தாரணி.
"கல்லுல உப்பில்லை."

வேதியியல்காரர் கயிற்றில் இறக்கிய புட்டி
அறுபதடியில் எதிலோ மாட்டிக்கொண்டது.
முத்தூர் வெயிலில் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

வரலாற்று ஆய்வாளர்
கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
பழைய பத்திரம் கேட்டார்.
அதில் இதன் பேர் 'நல்லதண்ணிக் கிணறு'.
மை மங்கிய அந்த ஒரு சொல்லை
எக்ஸ்ரே மாதிரி
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

புள்ளியியல் யசோதா மட்டும்
காரைவிட்டு இறங்கவேயில்லை:
"ஒரு கிணறு கணக்கே இல்லை,
தொண்ணூறு வேணும்."

அந்தப்பக்கம் நொய்யல், நுரையோடு.

வெகுநேரம் கழித்துத்
தோட்டத்துக்கார ராக்கியண்ணன் சொன்னார்:
"வெள்ளாடு குடிக்குமுங்க.
செம்மறி மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும்."

யார் படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை.

கார்க்கதவு திறந்தது.
"செம்மறி எத்தனைங்க?"