சத்தம் வரலையே

முத்தியால்பேட்டையில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அறை.
பதினேழு படி. வருகிறவர்கள்
படியைப் பார்த்தபடியே ஏறுகிறார்கள்.
பலகையை அண்ணாந்து படிக்க
அவர்களால் முடியாது.
முடிந்தவர்களில் பாதிப் பேர்
ஆஸ்டியோபதியை ஹோமியோபதி என்று படித்துவிட்டு
மாத்திரை கேட்கிறார்கள்.
என்னிடம் இருப்பது ஒரு கட்டில், இரண்டு கை.
மார்கழியில் கையையும் தேய்த்துச் சூடாக்கணும்.

யுகேந்திரனுக்கு இருபத்து மூன்று.
அடுத்தவர் பிரியாணியை முதுகில் கட்டிக்கொண்டு
கடற்கரைச் சாலைக்கும் கோரிமேட்டுக்கும் நடுவே
வண்டியில் செருகிய செல்லைக்
குனிந்து குனிந்து பார்க்கிறவன்.
"சலூன்ல சொடக்கு எடுத்தா
டொக்குனு ஒரு சத்தம் வரும்க்கா.
அதுக்கே நூறு ரூபா குடுக்கலாம்."
அவன் முதல் விலா எலும்பின் மேல்
கட்டைவிரலை வைத்து மூச்சை விடச் சொன்னேன்.
விட்டான். இன்னும், என்றேன்.
இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது,
எத்தனை நாளாக உள்ளே கிடந்ததோ.
எழுந்து தோளைக் குலுக்கினான்.
இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.
"சத்தம் வரலையே" என்று
அரை மனசாகப் பர்ஸைத் திறந்தான்.

அஞ்சாலாட்சி அப்படியில்லை.
வைத்திக்குப்பம், ஐம்பத்தொன்று.
"தலை மட்டுமே அஞ்சு கிலோ இருக்கும்,
கழுத்து அதை நாள் முழுக்கத் தூக்குது"
என்று படித்ததை அவிழ்த்துவிட்டேன்.
கட்டில் ஆடும்படி சிரித்தாள்.
"முப்பது கிலோ சங்கராவைத் தலையில வெச்சிக்கினு
கையை வீசிக்கினு நடந்தவ நானு.
அப்ப வலிக்கல.
மவன் லோன் போட்டு மூணு சக்கர வண்டி எடுத்து
கூடையை இறக்கி வெச்ச நாள்லேருந்துதான் இது."
இதற்கு என் புத்தகத்தில் பக்கம் இல்லை.
கணுக்காலிலிருந்து தொடங்கினேன்.
"வலி மேல இருக்கு, நீ எங்க தேடுற?"
"சத்தம் போடுற வூட்லயே
திருடன் இருக்கணும்னு இல்லக்கா."
தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு முடிச்சு.
தொட்டதும் பேச்சை நிறுத்தினாள்.
மெல்ல இளகி வரும் நேரத்தில்,
ஏன் கேட்டேனோ,
வண்டித் தவணை எவ்வளவு என்று கேட்டுவிட்டேன்.
சொன்னாள்.
தொகையைச் சொல்லி முடிப்பதற்குள்
என் விரலுக்கடியில்
எல்லாம் பழையபடி இறுகிவிட்டது.
மறுபடி கணுக்கால்.

மிசியே தொபியாசை முதல் நாள் நான் தொடவில்லை.
எழுபத்தெட்டு வயது.
தலை சுற்றுகிறதா, விரல் மரத்துப்போகிறதா,
சட்டைப் பொத்தானைப் போட வருகிறதா என்று கேட்டு
படம் எடுத்துவர அனுப்பிவிட்டேன்.
படத்தில் எலும்புகள்
நம் கடற்கரையில் கொட்டிய கருங்கல் மாதிரி
ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன.
"வயசு" என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.
பிரெஞ்சுப் பட்டாளத்தில் நிமிர்ந்தே நின்ற மனிதருக்கு
அது ஒரு காரணமாகவே படவில்லை.
அவர் குறை வேறு:
"பூசையில சமாதானம் சொல்றப்ப
இடப்பக்கம் நிக்கிறவருக்கு
உடம்பையே திருப்ப வேண்டியிருக்கு, மத்மோசெல்.
மரியாதையா இல்ல."

முறுக்கல், சொடக்கு, எதுவும் கிடையாது.
பின்மண்டையை இரண்டு உள்ளங்கையில் ஏந்தி
காத்திருந்தேன், அவ்வளவுதான்.
கீழே ஜெராக்ஸ் இயந்திரம்
யாருடைய பத்திரத்தையோ
இழுத்து இழுத்து விழுங்கிக்கொண்டிருந்தது.
ஏழாவது நிமிஷம் இருக்கும்.
அதுவரை தானே பிடித்துக்கொண்டிருந்த தலையை
அவர் என்னிடம் கொடுத்தார்.
ஐந்து கிலோ.
புத்தகம் சரிதான்.

எழுந்ததும் இடப்பக்கம் திரும்பச் சொன்னேன்.
இரண்டு விரற்கடை கூடியிருந்தது.
வலப்பக்கம் அப்படியே.
அடுத்த வியாழன் வரட்டுமா என்றார்.
பக்கத்தில் நிற்கும் ஒருவருக்கு
அது போதும் என்று தோன்றியது,
ஆனாலும் வாங்க என்றேன்.

இரவு எட்டரை.
கையைக் கழுவிவிட்டு
விளக்கை அணைக்கத் திரும்பினேன்.
டொக்.

யுகேந்திரன் இருந்திருந்தால்
நூறு ரூபாய்.