ஐம்பத்தொன்று

டுலூத் நகரில் கப்பல் வந்தால் பாலம் மேலே போகும்.
தாமதமாக வருகிற அத்தனை பேரும்
பாலத்தின் மேல் பழியைப் போடுவார்கள்.
வியாழக்கிழமை இலவச ஆலோசனைக்கு
கிர்ஸ்டி ஹாப்பலா கால் மணி நேரம் முன்பே வந்து
சலவைக்கடை மாடிப்படியில் நின்றிருந்தாள்.
உட்காரச் சொன்னேன். உட்காராமல்
ரேடியேட்டர் தட்டுவதைக் கேட்டு
"வால்வு போயிருக்கு" என்றாள்.

பதினோரு வருடம் ராணுவ லாரிகளுக்கு இன்ஜின் பார்த்தவள்.
இப்போது மீன்பிடிப் படகுகளுக்கு.
நகத்தடியில் கிரீஸ்.
அது மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இருபத்திரண்டு பக்கம். மேசையில் வைத்தாள்.
"நல்ல செய்திதான்."
நல்ல செய்தியோடு என்னிடம் யாரும் வருவதில்லை.

பங்காளி பெயர் ராண்டல் வோக்ட்.
பணம் அவனுடையது, ஷெட் அவனுடையது,
படகு தூக்கும் கிரேனும் அவனுடையது.
முன்னாள் படைவீரர் நடத்தும் தொழிலுக்கென்றே
ஒதுக்கி வைத்த பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்று
கண்ணில் பட்டிருக்கிறது அவனுக்கு.
அதற்கு வேண்டியது அவனிடம் இல்லை.
அவளிடம் இருந்தது:
மடித்து மடித்து மடிப்பிலேயே கிழியத் தொடங்கிய
பணிவிடுப்புச் சான்றிதழ்.

"எனக்கு ஐம்பத்தொண்ணு, அவனுக்கு நாப்பத்தொம்பது."
சொல்லும்போதே விரலால் மேசையில் கோடு கிழித்தாள்,
தன் பக்கம் ஒரு நூலளவு அதிகம் வரும்படி.

ஒன்பதாம் பிரிவுக்கு வந்தேன்.
கடன் வாங்க இருவர் சம்மதம்.
ஆள் வைக்க இருவர் சம்மதம்.
ஐந்நூறு டாலருக்கு மேல் காசோலையா, இருவர்.
அவளை நிர்வாகத்திலிருந்து நீக்க
அவன் ஒருவன் போதும்.

ஏட்டுச் சுரைக்காய்.
அதற்கும் காம்பு அவன் கையில்.

எப்படிச் சொல்வதென்று யோசித்தேன்.
"இது ஒரு மாதிரி கண்ணிவெடி..."
அவள் கையை உயர்த்தினாள்.
"வெடி வேண்டாம். எல்லாரும் என்கிட்ட அப்படித்தான் பேசுறாங்க,
பல் டாக்டர்கூட. நான் ஸ்பேனர் பிடிச்சவ.
இன்ஜினா சொல்லுங்க."

சொன்னேன்.
வண்டி உங்கள் பெயரில். ஓட்டுநர் இருக்கையில் நீங்கள்.
சாவி அவன் பாக்கெட்டில்.
இதை ஓட்டுவது யாரென்று அரசாங்கம் ஒருநாள் கேட்கும்.
அன்று பொய் சொன்னவராக நிற்கப்போவது நீங்கள்.
அவன் வெறுமனே பணம் போட்டவன்.

கீழே சலவை இயந்திரம் சுற்றி முடித்து நின்றது.

"ராண்டலுக்கு இது தெரியுமா?"

தெரியாது என்று வைத்துக்கொள்வோம் என்றேன்.
எங்கள் தொழிலில் அது மரியாதையான பதில்.

"முழங்கால் ஆபரேஷன் அன்னிக்கு
வீடு வரைக்கும் சூப் கொண்டுவந்தான்."

இருபத்திரண்டு பக்கத்திலும்
சூப்புக்கென்று ஒரு பிரிவு இல்லை.

பேனா கேட்டாள்.
கையெழுத்துப் போட்டுவிடுவாளோ என்று கொடுக்கத் தயங்கினேன்.
ஒன்பதாம் பிரிவை மேலிருந்து கீழே ஒரே கோடாக அடித்தாள்.
தாளைப் பிடித்திருந்த பெருவிரல்
ஓரத்தில் கறுப்பாகப் பதிந்தது.
"இதை அவன்கிட்ட அனுப்புங்க. இப்படியே."

ராண்டல் வோக்ட் யோசிக்கிறான்.
ஆறு வாரமாக யோசிக்கிறான்.
ஒப்பந்தம் வேறு யாருக்கோ போய்விடலாம்,
போகாமலும் இருக்கலாம்.

நேற்று அழைக்காமலே வந்தாள், கருவிப்பெட்டியோடு.
கட்டணம் வாங்காத எனக்குக் கடன்பட்டிருக்க
அவளுக்குப் பிடிக்கவில்லை.
ரேடியேட்டர் முன்னால் நல்ல காலை மடித்து,
மற்றதை நீட்டி உட்கார்ந்தாள்.
வால்வில் ஸ்பேனரை மாட்டியவள் திருகவில்லை.
திரும்பிப் பார்த்தாள்.

"தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்.
உங்க குத்தகைப் பத்திரப்படி
இதைச் சரி பண்ண வேண்டியது யாரு?"

இழுப்பறையைத் திறந்தேன்.
பத்து வருடப் பத்திரம். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து,
மிக அழகாக.
மற்ற பக்கங்களின் மூலைகள்
ஒருமுறைகூட மடங்கியிருக்கவில்லை.

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு
"படிங்க, நான் காத்திருக்கேன்" என்றாள்.